எதிராளியின் நன்றி

ரொட்டிக் கடை வீட்டில் யோசிக்கிற வேலைக்கென்று ஒருத்தனைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். மற்ற வேலைகளையெல்லாம் பெரியவள் பார்த்துக்கொண்டாள்.

மாவு சலிப்பது, பிசைவது, உருட்டுவது, தட்டில் அடுக்குவது, அடுப்புக்குள் தள்ளுவது, வெந்ததை இழுத்துப் போடுவது, முன்னால் வந்து நின்று விற்பது, விற்காமல் கிடப்பதை அறுத்து ரஸ்க்காக வாட்டுவது, நடுவில் அப்பாவுக்கு மூச்சு இழுத்தால் ஓடிப்போய் முதுகைத் தடவிவிடுவது. இத்தனையும் அவள் தலையில். தம்பி மட்டும் ஊரைத் தாண்டி, புல்லும் மரமுமாகப் பரந்து கிடந்த ஒரு கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷம். தெருவில் அவனுக்கு ஞானி என்று பெயர். பெயரை வைத்தவளே பெரியவள்தான் என்பதைத் தெரு மறந்துவிட்டது.

பன் வாங்க வருகிற தையல்காரம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும்.

"தம்பி வக்கீலுக்கா படிக்கிறான்?"

"இல்லை."

"வாத்தியாருக்கா?"

"அதுக்கும் இல்லை."

"அப்புறம் என்னதான்மா படிக்கிறான்?"

"யோசிக்கப் படிக்கிறான்."

"அதுக்குக் காலேஜா? எங்க வீட்டுக்காரர் நாள் பூரா அதைத்தானே பண்றார், கட்டில்ல படுத்துக்கிட்டு."

பெரியவள் சிரிக்க மாட்டாள். பன்னைச் சுற்றிக் கொடுத்து, அடுத்த ஆளைப் பார்ப்பாள். தம்பியைத் திட்டுகிற உரிமையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அதைத் தனக்கே முழுசாக வைத்துக்கொண்டிருந்தாள்.

திட்டுவதற்கு விஷயமும் நிறைய இருந்தது. முதல் வருஷ விடுமுறைக்கு வந்தவன், தட்டில் வைத்த ரொட்டியைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இது நேத்து இருந்த அதே ரொட்டிதான்னு எப்படிச் சொல்ல முடியும்? ராத்திரியில இது மாறியிருக்குமே" என்றான்.

"கடிச்சுப் பாரு. பல்லு ஆடிச்சுன்னா நேத்து ரொட்டி."

"நான் கேட்டது அது இல்லைக்கா."

"தெரியும். நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னா எனக்கு மாவு புளிச்சிடும்."

வணிகம் படிக்கட்டும், கடையை எடுத்து நடத்தட்டும் என்றுதான் அவனை அந்தக் கல்லூரியில் சேர்த்தது. உதவித்தொகையும் கிடைத்தது. அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுத்தான் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்களாம். இவன் ருசி பார்த்த கையோடு தத்துவத்தைப் பிடித்துக்கொண்டான். போனில் சொன்னபோது அப்பா, "அதுவும் நல்ல படிப்புத்தானே?" என்று பெரியவளைப் பார்த்துக் கேட்டார். அவள் மாவுக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்று முழுக்க நெற்றியில் வெள்ளைப் பட்டையோடுதான் வியாபாரம் பார்த்தாள்.

இப்படிப்பட்டவனை நம்பி அவள் காரியத்தில் இறங்கினாள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கடையும் அதன் பின்னால் இருந்த வீடும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. சித்தப்பா எதிர்த்தெரு மாடியில் இருந்தார். அடுப்புப் பக்கம் வந்து பல வருஷம் ஆகிறது. சின்ன வயதில் கொஞ்ச நாள் மாவு பிசைந்தார் என்று சொல்வார்கள். பிசைந்த கையை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு செல்போன் கம்பெனிக்காரன் பழக்கமானான். தெருமுனை இடம், கண்ணாடி போட்டு விளக்கு வைத்தால் ஜொலிக்கும், அடுப்பை மட்டும் இடித்துக் கொடுத்தால் போதும் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சித்திக்கு அதைவிட.

கடை நொடித்துப்போகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். காலையில் கதவைத் திறக்கும்போது வெளியே ஆள் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, பக்கத்து விடுதிகளுக்கு எல்லாம் இங்கேயிருந்துதான் ரொட்டி. பெரியவளுடைய பாலேட்டு பன்னுக்காக அடுத்த பேட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கடை நின்றால் அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கல்யாணம் வேண்டாமென்று சொன்னதும், நல்ல புடவை கட்டிப் பழகாததும், பேச்சு இப்படி முரட்டுத்தனமாகப் போனதும் எல்லாம் அந்த அடுப்பங்கரைக்குள்தான். அதைப் பிடுங்கிவிட்டு அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

அப்பாவுக்கு இரண்டு பக்கமும் பயம். கூடப் பிறந்தவனைப் பகைக்கப் பயம், மகளைப் பார்க்கப் பயம். கடைசியில், கண்டக்டர் மாமா வரட்டும், அவர் முன்னால் இரண்டு பக்கமும் பேசட்டும், எது நியாயமாகப் படுகிறதோ அதன்படி நான் சரி என்கிறேன் என்றார். கண்டக்டர் மாமா அம்மாவின் அண்ணன். பஸ்ஸில் சீட்டுக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். ஆயிரம் சண்டையை ஓடுகிற வண்டியில் தீர்த்தவர் என்று குடும்பத்தில் அவருக்கு மரியாதை. அம்மா போன பிறகும் இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்தான் வந்து உட்காருவார்.

அவர் போனிலேயே பெரியவளிடம் சொல்லிவிட்டார்: "உனக்காக நீ பேசாதே தாயி. நீ வாயைத் திறந்தா உன் சித்தப்பன் செஞ்சது எல்லாம் நியாயம்னு ஆயிடும். வேற யாரையாவது பேசச் சொல்லு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை என்பதும் தெரிந்தது. சித்தப்பாவைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கில் அமிலம் ஊறும். அப்போதுதான் ஞானி நினைவுக்கு வந்தான்.

அந்த வருஷத் தொடக்கத்தில் பெற்றோர் தினம் என்று கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவால் பஸ் ஏற முடியாது. ஒரு டப்பா ரஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பெரியவள்தான் போனாள். கூட்டிப் பெருக்கிய நடைபாதைகள், யாரும் உட்காராத பெஞ்சுகள், புல்லில் மல்லாந்து படுத்துப் புத்தகத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். பட்டப்பகலில் இத்தனை பேர் படுத்துக்கிடப்பதை அவள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறாள்.

தம்பியின் வகுப்பில் விருந்தாளிகளும் உட்காரலாம் என்றார்கள். கரும்பலகையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாருக்குத் தாடி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தருக்கு நல்லது என்று நமக்குத் தெரிந்தால், அவர் விருப்பத்தை மீறி அதைச் செய்யலாமா? இதுதான் அன்றைய பாடம். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று அவளுக்குக் கொட்டாவி வந்தது. யார் என்ன சொன்னாலும் வாத்தியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சுவாரசியமா இருக்கே" என்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனுஷன் இதைச் சொல்கிறார் என்பதை அவளால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

பிறகு ஒரு பெண் எதிர்த்தரப்பை ஏளனமாகப் பேசினாள். வாத்தியார் கையைத் தூக்கினார்.

"இப்படி இல்லை. எதிராளி தன் பக்கத்தை எப்படிச் சொல்வாரோ, அதைவிட நல்லா நீங்க சொல்லணும். அவர் எழுந்து வந்து உங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும். அப்புறம்தான் அவரை மறுக்க உங்களுக்கு உரிமை. யார் செஞ்சு காட்டுறீங்க?"

ஞானி எழுந்தான். வீட்டில் வாய்க்குள்ளேயே பேசுகிற பையன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பணக்காரப் பிள்ளையின் பக்கத்தை எடுத்துப் பேசினான். பேசப் பேச அந்தப் பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. முடித்ததும் எழுந்து வந்து நிஜமாகவே கையைக் குலுக்கினான். எல்லாரும் கைதட்டினார்கள். உடனே ஞானி, "இப்போ இதுக்கு மறுப்பு" என்று ஆரம்பித்து, கட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டான்.

பெரியவளுக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. பாடம் புரிந்ததா என்றால் இல்லை. தம்பி ஒருத்தனைத் தூக்கித் தரையில் போட்டான் என்பது புரிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள்: இந்த எழவுப் படிப்பில் இது ஒன்றாவது உருப்படி.

அதனால்தான் அவனைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டான். நல்ல மழை. மழை நாளில் மாவு சோம்பேறியாகிவிடும். லேசாகக் காற்றுப் பட்டாலும் எழும்பாது. அதனால் அடுப்பங்கரை ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி வைப்பார்கள். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. பெரியவள் மாவைச் சலித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவன் கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து கேட்டான்.

"சித்தப்பாவுக்கு வேற என்ன காரணம் இருக்கும்க்கா?"

"காரணமா? சோம்பேறித்தனம்."

"அது வாதம் இல்லை. அவர் பக்கத்துல பலமா ஏதாவது இருக்கணும்."

"அவர் பக்கத்துல சித்தி இருக்கா. அது போதாதா பலம்?"

"விளையாடாதேக்கா. நிஜமாவே கேக்குறேன். ஒரு நல்ல மனுஷன் இந்தக் கடையை மூடணும்னு நினைச்சா எதுக்காக நினைப்பான்?"

"நல்ல மனுஷன் நினைக்க மாட்டான். எழுந்து அந்தத் தட்டை எடு."

அவன் எழுந்திருக்கவில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. கண்ணாடி ஓட்டின் வழியாக விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் மாவுத்தூசி மிதந்துகொண்டிருந்தது. பிறகு இரண்டு தும்மல் தும்மினான். பெரியவளின் கையைப் பார்த்தான். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"எது?"

"கை. அப்புறம் இந்த இருமல். அப்பா இருமற மாதிரியே இருமறியே."

"பொண்ணு அப்பா மாதிரி இருமாம எதிர்வீட்டுக்காரர் மாதிரியா இருமுவா? நாளைக்கு என்ன பேசப்போறே, அதைச் சொல்லு."

"பேசுறேன்க்கா. நீ கவலைப்படாதே. சித்தப்பாகிட்ட ஒண்ணுமே இல்லாம பண்ணிடுறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு அன்று பாலேட்டு பன்னில் நடுத்தட்டுப் பன்னாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மதிய ரொட்டியை இறக்கியதும் கடையைச் சாத்தினார்கள். முன்கடையிலேயே நாற்காலி போட்டாயிற்று. அப்பா சாய்வு நாற்காலியில், மடியில் மூச்சு மருந்துக் குழலோடு. கண்டக்டர் மாமா நடுவில். சித்தப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சித்தி அவர் முதுகுக்குப் பின்னால், சொல்ல வேண்டியதை எடுத்துக்கொடுக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள். பெரியவள் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். வாயைத் திறப்பதில்லை என்று மாமாவிடம் சத்தியம் பண்ணியிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் மாமா.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அதாவது மச்சான், காலம் மாறிப்போச்சு. முன்னே மாதிரி இல்லை. இப்போ எல்லாரும் செல்லு வெச்சிருக்காங்க. ரொட்டி... ரொட்டி எங்கேயும் கிடைக்குது. இடம் பாருங்க, முனை. முனைன்னா அதுக்கு ஒரு இது இருக்கு."

"என்ன இது?"

"அதாவது... கண்ணாடி போட்டா..."

"கௌரவம்" என்றாள் சித்தி பின்னாலிருந்து.

"ஆங். கௌரவம்."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, இவ்வளவுதானா? செல்லு இருக்கு, முனை இருக்கு, கண்ணாடி இருக்கு. அடுப்பை ஏன் இடிக்கணும்னு ஒரு காரணம் சொல்லுங்களேன்."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி கூரையைப் பார்த்தாள். பெரியவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. பேசவே தேவையில்லை, இந்த ஆள் தானே குழி தோண்டி இறங்கிவிட்டார். ஞானி இனி மண்ணை மட்டும் தள்ளினால் போதும்.

ஞானி எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"மாமா, சித்தப்பா தன் பக்கத்தைச் சரியா சொல்லலை. அதை அப்படியே வெச்சுக்கிட்டு மறுக்கிறது முறை இல்லை. அவருக்காக முதல்ல நானே சொல்றேன்."

மாமாவுக்கு ஆச்சரியம். "சொல்லுப்பா."

"சித்தப்பா மனசுல இருக்கிறது இடம் இல்லை, மாமா. அப்பாவோட மூச்சு."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மனசில் அது இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்பாவுக்கு இந்த இழுப்பு எங்கேயிருந்து வந்துச்சு? மாவுத்தூசி. சின்ன வயசுலேர்ந்து மூடின ரூமுக்குள்ள நின்னு அதை மூச்சா இழுத்திருக்கார். டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கார், தூசியை விட்டு விலகுங்கன்னு. எங்கே விலக? வீடும் கடையும் ஒண்ணு. தூங்குறப்பவும் அதே காத்து. சரி, அப்பா ஆச்சு. அடுத்து அக்கா. நேத்துத்தான் பார்த்தேன். கை வெந்து கிடக்கு. அப்பா இருமறதும் அக்கா இருமறதும் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா எது யாருன்னு தெரியலை. கேட்டா அவ சிரிப்பா, வேலைன்னா அப்படித்தான்னு சொல்லுவா. அவளா விடமாட்டா. அவளை யாரும் இந்த அடுப்புல நிக்கணுமான்னு கேட்டதே இல்லை. அம்மா போனாங்க, அவ நின்னா. அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஒரு பொண்ணோட நெஞ்சைக் கொடுத்து ரொட்டி சுடுது. கண்ணு முன்னால ஒருத்தர் இப்படிக் கரையறதைப் பார்த்துக்கிட்டு, அது அவ இஷ்டம்னு சும்மா இருக்கிறதுக்குப் பேர் அன்பா? கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லைன்னு அந்த அடுப்பை இடிக்கிறவன்தான் இந்த வீட்டுல அவமேல நிஜமான பாசம் உள்ளவன். இதுதான் சித்தப்பா சொல்ல வந்தது."

அப்பா அழுதுகொண்டிருந்தார்.

"என் மூச்சைப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தன் வாயைத் திறந்து பேசினானே" என்றார்.

பெரியவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ராத்திரி பகலென்று பார்க்காமல் அந்த முதுகைத் தடவியது யார் கை?

சித்தப்பா மெதுவாக எழுந்தார். வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு வந்து ஞானியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. தன்னைப் பற்றி இத்தனை நல்லதைக் கேட்டு அவருக்கு நிஜமாகவே தாங்கவில்லை.

"ரொம்ப நன்றிப்பா. என் மனசை அப்படியே எடுத்துச் சொல்லிட்டே. எனக்குச் சொல்லத் தெரியலை பாரு."

ஞானிக்கும் முகம் மலர்ந்தது. வகுப்பில் கைதட்டு விழுந்தபோது மலர்ந்த அதே மலர்ச்சி. "இருங்க சித்தப்பா, உட்காருங்க. இது முதல் பாதிதான். இப்போ இதுக்கு மறுப்பு" என்றான்.

"மறுப்பா?" என்றார் மாமா. "இதுக்குமேல என்னப்பா மறுப்பு? எனக்கே நெஞ்சு அடைக்குது. பெத்த பிள்ளை சொல்லியாச்சு. மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று அப்பா பக்கம் திரும்பினார்.

"சரி" என்றார் அப்பா. "இடிச்சிடலாம். என் பொண்ணு உடம்பு முக்கியம்."

"மாமா, ஒரு நிமிஷம், நான் இன்னும்..."

"அவன் எனக்காகப் பேச வந்தவன்!" பெரியவள் கல்லாவைத் தட்டிக்கொண்டு கத்தினாள்.

"உனக்காகத்தானே கண்ணு பேசினான்" என்றாள் சித்தி. "உன் உடம்பைப் பத்தி எவ்வளவு அக்கறையாப் பேசினான். நான் பெத்தது ஒண்ணாவது இப்படிப் பேசுமா?"

அதற்குப் பிறகு பெரியவள் பேசியதை எழுத முடியாது. சித்தப்பாவின் சோம்பேறித்தனத்தில் ஆரம்பித்து அவர் கல்யாணத்தில் நடந்தது வரைக்கும் போனாள். சித்தியின் அப்பாவையும் விடவில்லை. மாமா பாவமாகத் தலையை ஆட்டினார். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு இப்போது பொறுமை எளிதாகிவிட்டது. பேசி முடிக்கும்போது அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடாமல் இருமினாள். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அந்த இருமல் மிச்சமிருந்த காரியத்தையும் முடித்துவிட்டது.

சித்தப்பா செருப்பைப் போடும்போது, "என் அண்ணன் மூச்சுக்காகத்தான் இவ்வளவும்" என்று சொல்லிக்கொண்டே போனார். நாக்கு அதற்குள் பழகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு பெரியவள் அடுப்பங்கரைக்குள் போனாள். ஞானி பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான்.

"உள்ளே வா. உட்காரு. இப்போ சொல்லு."

"என்னக்கா?"

"அந்த ரெண்டாவது பாதி. மறுப்பு. அதை நான் கேக்கணும்."

அவன் டின்மேல் உட்கார்ந்தான். "ஒருத்தருக்கு நல்லதுன்னு நாம நினைக்கிறதுக்காக அவங்க சுதந்திரத்தை எடுத்துக்க முடியாது. அவங்க வாழ்க்கைக்கு அவங்கதான் அதிகாரி."

"அப்புறம்?"

"அதுதான் மூலமான விஷயம்."

"அப்புறம் என்னடா?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டான். "அவ்வளவுதான்க்கா. சித்தப்பா பக்கத்தை யோசிக்கிறதுலேயே ராத்திரி பூரா போயிடுச்சு. அவருக்கு ஒண்ணுமே இல்லையா, எல்லாத்தையும் நானே கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு. உன் பக்கம் நியாயம்தான்னு எல்லாருக்கும் தெரியுமே, அதுக்குத் தனியா யோசிக்கணுமான்னு விட்டுட்டேன்."

பெரியவள் அவனையே பார்த்தாள். மற்றவர்கள் கெட்டவர்களாக இருந்தார்கள். அதை அவளால் திட்ட முடியும். இவன் அவள்மேல் சந்தேகமே இல்லாததால் அவளைக் கைவிட்டிருக்கிறான். இதை எந்த வார்த்தையால் திட்டுவது?

"தூசிக்கு என்ன பதில்?" என்றாள்.

"தூசிக்கா?" கொஞ்சம் யோசித்தான். "அதுக்குப் பதில் இல்லைக்கா. அந்த வாதம் அவ்வளவு பலமா வந்துடுச்சு."

சொன்னபோது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவனுக்கே தெரியாமல்தான். அவள் காதில் அது நன்றாக விழுந்தது. பலகைமேல் கிடந்த மாவை எடுத்து அவன்மேல் எறிந்தாள். நெஞ்சில் பட்டு மடியில் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போடா. போய்ப் படி. நல்லாப் படி. ஊர்ல இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியாம இருக்கோ, எல்லாருக்கும் சொல்லிக்கொடு."

அடுப்பை இடிக்க ஆள் வந்த அன்று அது முழுசாக ஆறியிருக்கவில்லை. உள்செங்கல்லைத் தொட்ட ஆள் கையை உதறிக்கொண்டு அவளைத் திட்டினான். அவள் திருப்பித் திட்டவில்லை. அப்பாவைச் சித்தப்பா வீட்டு மாடிக்கே மாற்றினார்கள். இழுப்பு அங்கேயும் வந்தது. மழைக் குளிர் என்றார்கள்.

பெரியவள் ரொட்டிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வேறு எதுவும் தெரியாது. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. மாவு கொட்டுகிற கூடத்தில் போட்டார்கள். முதல் நாள் உள்ளே போனதும் வழக்கப்படி புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். மேற்பார்வைக்காரி சிரித்தாள்.

"எதுக்கும்மா? மேலே பாரு."

மாவு கொட்டுகிற தொட்டிக்கு நேர் மேலே தகரத்தில் குடை மாதிரி ஒன்று தொங்கியது. அதற்குள் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூட்டை கவிழ்ந்தது. எழும்பிய தூசி அப்படியே மேலே போய்க் குழாய்க்குள் நுழைந்து மறைந்துவிட்டது. ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. காற்றில் ஒன்றும் மிதக்கவில்லை.

அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஒரு விசிறி. ஒரு தகரக் குடை. மூலைத் தகரக்கடைக்காரனிடம் சொன்னால் ஒரு வாரத்தில் செய்து மாட்டியிருப்பான். இது அப்பாவுக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை, சித்தப்பாவை வெறுப்பதிலேயே அவளுக்குப் பொழுது போய்விட்டது. வெளிச்சத்தில் மிதந்த தூசியைத் தலையைத் தூக்கி அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படித்த மடையனுக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் வாசலுக்கு வந்து போன் போட்டாள். எடுத்ததும் பின்னால் யாரோ கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா? வகுப்பு இப்போதான் முடிஞ்சுது. வேலை எப்படி இருக்கு?"

"ஞானி, தூசிக்குப் பதில் கிடைச்சிடுச்சு."

"எந்தத் தூசி?"

"நம்ம தூசி. மேலே ஒரு விசிறி மாட்டியிருந்தாப் போதும். இழுத்துக்கும். அவ்வளவுதான்டா. அடுப்பை இடிச்சிருக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறானோ என்று நினைத்தாள். அழட்டும் என்று காத்திருந்தாள். அழுதால் மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோயிற்று.

"நிஜம்தான்க்கா" என்றான் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "நிஜமாவே நல்ல மறுப்பு. எனக்குத் தோணவே இல்லை." மூக்கை உறிஞ்சினான். கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா சித்தப்பா பக்கத்துலேர்ந்து பார்த்தா, இதுக்கும் ஒரு பதில்..."

பெரியவள் போனை அணைத்தாள்.

மணி அடித்ததும் உள்ளே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அடுத்த மூட்டையைக் கவிழ்த்தார்கள். ஒரு தும்மல்கூட வரவில்லை. மூச்சு நெஞ்சு நிறையச் சுலபமாக வந்து போயிற்று. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.